சனிக்கிழமை எந்த மைதானத்துக்குப் போகிறீர்கள்?

க்ரேவன் வாரத்துக்கு மாகாண அணிகளைத் தேர்வு செய்யும் தென்னாப்பிரிக்கப் பள்ளி ரக்பித் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வாளர்களுக்கு,

தென்காசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பத்தோடு பிரிட்டோரியாவில் இருக்கிறாள். பேரன் அங்கே தன் பள்ளியின் 14 வயதுக்கு உட்பட்டோர் 'சி' ரக்பி அணியில் ப்ராப், அதாவது முன்வரிசை ஆட்டக்காரன். அவன் ஆட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் அவன் பெயர் ஏற வாய்ப்பே இல்லை. அதனால் இதைச் சிபாரிசுக் கடிதம் என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கடிதங்கள் உங்களுக்கு வேறு இடங்களிலிருந்து நிறையவே வந்துகொண்டிருக்கும்.

எங்கள் மாவட்டத்தில் பள்ளிக் கால்பந்து, கபடி அணிகளுக்கான தேர்வுக் குழுவில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று எங்களுக்கும் படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் சில பையன்கள் மேலே போவார்கள், பலர் பேருந்து ஏறி ஊர் திரும்புவார்கள். அந்த அனுபவம் ஒன்றே இந்த மடலை எழுத எனக்குள்ள தகுதி. ரக்பியை நான் பேரனிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். 'சூப்பர்ஸ்போர்ட் ஸ்கூல்ஸ்' செயலியில் உங்கள் காலை ஆட்டம் எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும். தட்டை வைத்துக்கொண்டு பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தேர்வு என்றால் பெயர் எழுதுவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நமக்குத் தெரியும், பெயர் எழுதுவது கடைசி வேலை. அதற்குப் பல வாரங்கள் முன்பே, சனிக்கிழமை காலையில் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானிக்கும்போதே முக்கால்வாசித் தேர்வு முடிந்துவிடுகிறது. போன மைதானத்தில் பார்த்த பையனைத்தான் எழுத முடியும். போகாத மைதானத்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இருந்தாலும் அவன் ஆட்டம் மோசம் என்று நீங்கள் சொன்னதாகாது. அவன் இருப்பதே பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் போகும் மைதானங்கள் எவை என்று ஊருக்கே தெரியும். ப்ளூம்ஃபொன்டெயினில் 1855இல் தொடங்கிய க்ரே காலேஜ். ஸ்டெல்லன்போஷில், 1906இல் முதல் ஸ்ப்ரிங்பாக் (தென்னாப்பிரிக்கத் தேசிய) அணிக்குத் தலைமை தாங்கியவரின் பெயரைத் தாங்கி நிற்கும் பால் ரூஸ் ஜிம்னேசியம். பிரிட்டோரியாவில் 'அஃபீஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் ஆண்கள் பள்ளி. பார்லில் பாய்ஸ் ஹைக்கும் ஜிம்னேசியத்துக்கும் நடக்கும் இன்டர்ஸ்கூல்ஸ் அன்று இருபதாயிரம் பேருக்கு மேல் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. பிறகு காணொளியில் பார்த்தேன். பதினேழு வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டம்! எங்கள் ஊரில் மாநில அளவிலான பள்ளிக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்குப் பந்து பொறுக்கும் பையன்களையும் சேர்த்து எண்ணினால் நூறு பேர் தேறுவார்கள். பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. அந்தப் பள்ளிகள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல புல்தரை, நல்ல கோச், நூறு வருடப் பழக்கம், வெளியூர்ப் பையன் தங்கிச் சாப்பிட விடுதி என்று எல்லாம் வைத்து நன்றாகவே ஆடுகிறார்கள். அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? அங்கே மட்டும் போகாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

இந்த க்ரேவன் வாரம் எப்படிப் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே படிக்கும் எங்கள் ஆட்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். 1889இல் அமைந்த தென்னாப்பிரிக்க ரக்பி வாரியத்துக்கு 1964இல் 75 வயது நிறைந்தது. முன்னாள் ஸ்ப்ரிங்பாக் வீரரும் பள்ளித் தலைமையாசிரியருமான பீட் மலான், கொண்டாட்டத்தில் பள்ளிப் பையன்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்றார். வாரியத் தலைவர் டேனி க்ரேவன் அதைப் பிடித்துக்கொண்டார். ஈஸ்ட் லண்டன் நகரில் 15 மாகாணச் சங்கங்களின் பள்ளி அணிகள் கூடின. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆண்டுதோறும் குளிர்கால விடுமுறையில் நடக்கும் இந்த வாரம். க்ரேவன் அதை ஒரு விழாவாக நினைத்தார். கோப்பை இல்லை, சாம்பியன் இல்லை. பையன்கள் வந்து ஆடுவார்கள், வேறு மாகாணத்துப் பையன்களோடு பழகுவார்கள், நாடு அவர்களைப் பார்க்கும்.

இன்றும் காகிதத்தில் கோப்பை இல்லைதான். ஆனால் கடைசி நாள் பிரதான மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தை எல்லோரும் 'இறுதி ஆட்டம்' என்றே சொல்கிறார்கள், 'அதிகாரபூர்வமற்ற' என்ற சொல்லை முன்னால் ஒட்டிவைத்து. 1974 முதல் வாரத்தின் முடிவில் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் அணியும் அறிவிக்கப்படுகிறது. பிற்பாடு ஆகஸ்டில் இங்கிலாந்து, பிரான்ஸ், வேல்ஸ் போன்ற நாடுகளின் 18 வயதுக்கு உட்பட்டோர் அணிகள் வந்து ஆடுகின்றன. தொழில்முறைச் சங்கங்களின் ஆட்கள் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார்கள். இத்தனையும் சேர்ந்த பிறகு, ஜெயிக்க வேண்டாம், பையன்களைக் காட்டினால் போதும் என்று எந்த மாகாணக் கோச்சிடம் சொல்ல முடியும்? ஜெயிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் தெரிந்த பையன்தான் பாதுகாப்பு. ஒரே பள்ளியில் சேர்ந்து ஆடிப் பழகிய எட்டுப் பத்துப் பேரை அப்படியே தூக்கி வைத்தால் மூன்று நாள் பயிற்சி மிச்சம். அதில் தவறு என்ன என்று கேட்பீர்கள். ஜெயிப்பதற்கு அது சரியான வழிதான். க்ரேவன் கேட்டது அதுவல்ல.

யார் பட்டியலில் வரலாம் என்ற கேள்வி உங்கள் நாட்டில் எப்போதும் மைதானத்தோடு நின்றதில்லை. முதல் பதினைந்து ஆண்டுகள் இந்த வாரம் வெள்ளைப் பையன்களுக்கு மட்டும். 1980இல், 'கலர்ட்' என்று சட்டம் வகைப்படுத்திவைத்திருந்த சமூகத்துப் பள்ளி அணியைச் சேர்க்கலாமா என்று வந்தபோது, ஆளும் தேசியக் கட்சியின் டிரான்ஸ்வால் தலைவர் ஆண்ட்ரிஸ் ட்ரூர்னிக்ட் கூடாது என்றார். பிரதமர் பி. டபிள்யூ. போத்தா எதிர்ப்பக்கம் நின்றார். கட்சிக்குள் அப்போது வெளியே தெரிந்த விரிசல், 1982இல் ட்ரூர்னிக்ட் பிரிந்துபோய்க் கன்சர்வேட்டிவ் கட்சி தொடங்கியதில் முடிந்தது. பள்ளிப் பையன்களின் அணிப்பட்டியல் ஓர் ஆளுங்கட்சியையே உரசிப் பார்த்த கதை உலகில் வேறு எங்காவது இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. மறுபுறம், இன ஒதுக்கல் இருக்கும்வரை இயல்பான விளையாட்டு என்று ஒன்று இருக்க முடியாது என்று சொன்ன சங்கங்கள் தங்கள் பள்ளிகளை அந்த வாரத்தின் பக்கமே அனுப்பவில்லை. ரக்பிச் சங்கங்கள் ஒன்றாக இணைந்தது 1992இல்தான்.

இப்போது மாகாண அணியில் எல்லா இனத்துப் பையன்களும் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. விதி தேவை. அதைக் குறைசொல்கிறவர்களின் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். இட ஒதுக்கீடு வந்த மாநிலத்திலிருந்து எழுதுகிறேன், அது இல்லாமல் எங்கள் பள்ளிப் பையன்களில் எத்தனை பேர் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியும் என்று அறிந்தவன். ஆனால் விதியை நிறைவேற்றும் வழியைப் பாருங்கள். கருப்பினப் பையன் வேண்டுமா, பெரிய பள்ளி ஒன்று டவுன்ஷிப்பிலிருந்து (நகர ஓரத்துக் கருப்பினக் குடியிருப்பிலிருந்து) உதவித்தொகை கொடுத்து ஏற்கெனவே அழைத்துவந்துவிட்டது. அந்தப் பள்ளியின் ஆட்டத்துக்கு நீங்கள் எப்படியும் போகிறீர்கள். எண்ணிக்கை நிறைந்துவிடுகிறது. அந்தப் பையன் விட்டுவந்த பள்ளிக்கூடத்தின் மைதானத்துக்கு இன்னும் யாரும் போகவில்லை.

சியா கோலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய போர்ட் எலிசபெத் பக்கத்து ஸ்வீடே டவுன்ஷிப்பில் பாட்டி வளர்த்த பிள்ளை. எம்செங்கேனி ஆரம்பப் பள்ளியில் படித்தார். 12 வயதில் மோசல் பேயில் நடந்த சிறுவர் போட்டி ஒன்றில் யாரோ கண்ணில் பட்டார். க்ரே ஜூனியரில் உதவித்தொகை கிடைத்தது, அடுத்து க்ரே ஹை. முதல் மாகாணத் தேர்வுக்கு ஆட்டக் கால்சட்டை இல்லாமல், உள்ளே போடும் பாக்சர் ட்ரவுசரோடு ஆடியதை அவரே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். 2008, 2009 க்ரேவன் வாரங்களில் ஈஸ்டர்ன் ப்ராவின்ஸ் அணியில் இருந்தார். 2018இல் ஸ்ப்ரிங்பாக் தலைவர், 2019லும் 2023லும் உலகக் கோப்பை.

உங்கள் கூட்டங்களில் இந்தக் கதையை முறை நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கும்போது வயிறு கலங்குகிறது. அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் வந்திருந்தால்? அணிக்குப் பேருந்துக் காசு சேராமல் போயிருந்தால்? ஸ்வீடேயில் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த மற்றப் பையன்களின் ஆட்டத்தை, அவர்கள் ஊரிலேயே, தேர்வாளர் ஒருவர் வந்து பார்த்தாரா? ஒரு பையன் தப்பி வந்தான் என்றால் வழி இருக்கிறது என்றாகிவிடாது.

இன்னொருவர் மகாஸோலே மபிம்பி. ஈஸ்ட் லண்டனுக்கு அப்பால், த்ஷோலோம்ன்கா என்ற கிராமப்புறத்துக்காரர். படித்தது ஜிம் ம்வபாசா உயர்நிலைப் பள்ளி. அந்தப் பெயரை ரக்பிப் பள்ளிகளின் பட்டியல் எதிலும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். க்ரேவன் வாரம் அவர் பாதையில் குறுக்கிடவே இல்லை. சின்ன சங்கங்கள் வழியாக ஏறி ஏறி 2018இல், 28ஐ நெருங்கும் வயதில், நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடினார். 2019 நவம்பர் 2 அன்று யோகோஹாமாவில் இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்கா 1995லும் 2007லும் கோப்பையை வென்ற இறுதி ஆட்டங்களில் ஒரு ட்ரைகூட (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) போடவில்லை, எல்லாம் உதையில் வந்த புள்ளிகள். உலகக் கோப்பை இறுதியில் உங்கள் நாட்டின் முதல் ட்ரையை, இடது ஓரத்தில் பந்தைத் தானே உதைத்துத் துரத்தி, சக ஆட்டக்காரர் லுக்கான்யோ ஆம் கையிலிருந்து திரும்ப வாங்கிப் போட்டவர் இந்த மபிம்பி. 32-12.

மபிம்பியும் வழியைக் கண்டுபிடித்துவிட்டாரே, அப்புறம் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. பத்து வருடம் தாமதமாகக் கண்டுபிடித்தார். அவரளவு பிடிவாதம் இல்லாதவர்கள் பத்தொன்பது வயதில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விடுகிறார்கள். என் மாணவர்கள் பலர் அப்படிப் போனவர்கள்.

அடுத்தது வயது விவகாரம். இதில்தான் ஒரு பி.டி. வாத்தியாருக்குக் கொஞ்சம் அதிகம் பேச உரிமை உண்டு.

உங்கள் நாட்டில் 13 வயதிலேயே மாகாண அணி, 16இல் க்ராண்ட் கோமோ வாரம், 18இல் க்ரேவன் வாரம். உங்கள் ஆய்வாளர்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் 13 வயதுக்கு உட்பட்டோர் வாரத்தில் ஆடிய சுமார் 350 பையன்களைப் பின்தொடர்ந்தார்கள். 2008இல் அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களே 16 வயது வாரத்தில் இருந்தார்கள். 2010 க்ரேவன் வாரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் 24 விழுக்காடு. அதாவது 13 வயதில் "மாகாணத்திலேயே நீதான் சிறந்தவன்" என்று நாம் சொன்ன நான்கு பையன்களில் மூன்று பேர் விஷயத்தில் 18 வயதில் நாமே பேச்சை மாற்றிக்கொள்கிறோம். அந்த மூன்று பேரின் இடத்துக்கு வந்தவர்கள் 13 வயதில் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான். 'உனக்கு ரக்பி வராது' என்று ஒருவர் சொல்லி அனுப்பிய பிறகும் விடாமல் ஆடியவர்கள் அவர்கள். விட்டுவிட்டவர்களுக்குக் கணக்கு கிடையாது.

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பையன்களை வரிசையில் நிறுத்திப் பார்த்த எவருக்கும் இது தெரியும். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், குரல் உடைந்திருக்கும், தொடை என் தொடையளவு இருக்கும். பக்கத்தில் நிற்பவன் அவன் தம்பி போல இருப்பான், இருவருக்கும் ஒரே வயது. வயதுக்கு ஜனவரி 1 கணக்கு என்பதால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வகுப்பில் வேறு மோதுகிறார்கள். அந்த வருடம் பெரியவன் பந்தை எடுத்துக்கொண்டு நேராக ஓடினாலே ட்ரை. இடம் பார்த்து ஓடவோ, டேக்கிள் விழும் முன் பந்தைக் கைமாற்றவோ அவன் கற்றுக்கொள்ளத் தேவையே வருவதில்லை. சின்னவன் உயிர் பிழைக்கவாவது அதையெல்லாம் கற்றுக்கொள்கிறான். மூன்று வருடம் கழித்து உயரம் சமமாகும்போது ஆட்டம் யாரிடம் இருக்கும்? உங்கள் ஸ்ப்ரிங்பாக் விங் செஸ்லின் கோல்பே ஐந்தடி ஏழங்குலம்தான். அவரை டேக்கிள் செய்யப் போய்க் காற்றைப் பிடித்தவர்கள் எல்லாம் ஆறடிக்காரர்கள்.

மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைத் தெரிந்துகொண்டுதான் விலை பேசுவார்கள். நாம் தோள் அகலத்தைப் பார்த்ததும் கை தட்டிவிடுகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 19 வயதுக்கு உட்பட்டோர் விதிப்படி, இரு அணியினரும் தோள்கோத்து மோதித் தள்ளும் ஸ்க்ரமில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது. கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் ஆபத்து என்பதால் எடையின் ஆதிக்கத்தைச் சட்டமே குறைத்துவைத்திருக்கிறது. ஆட்ட விதி குறைக்கச் சொன்ன பொருளைத் தேர்வுப் பட்டியல் கூட்டிக் கேட்கிறது. அதன் விலை தெரியும் உங்களுக்கு. க்ரேவன் வாரத்தில் ஊக்கமருந்துச் சோதனை நடக்கிறது, 2018 உட்பட பல ஆண்டுகளில் பள்ளிப் பையன்கள் ஸ்டீராய்டில் சிக்கியிருக்கிறார்கள். ஊசியை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று விசாரிக்கட்டும், சரி. 'இன்னும் ஆறு கிலோ ஏற்றிக்கொண்டு வா, பார்க்கலாம்' என்று அந்தப் பையனிடம் தேர்வு அன்று சொன்னவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை.

பெரிய பள்ளிகள் பிற பள்ளிப் பையன்களை இழுத்துக்கொள்ளும் விவகாரத்தை நீளமாகப் பேசப் போவதில்லை, உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் வேண்டிய அளவு எழுதிவிட்டன. நடுத்தரப் பள்ளி ஒன்றில் கோச் ஒருவர் நான்கு வருடம் உழைத்து ஒரு ஃப்ளாங்கரை உருவாக்குவார். பதினோராம் வகுப்பில் அவன் வேறு சீருடையில் இருப்பான். நியூசிலாந்தில் இது முற்றிப்போய் 2018 கடைசியில் ஆக்லாந்தின் பத்துப் பள்ளிகள் சேர்ந்து, ஆள் பிடிக்கிறது என்று ஒரு பள்ளியோடு ஆடவே மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டன. உங்கள் பங்கு இதில் என்ன என்று மட்டும் கேட்கிறேன். பையனின் அப்பா ஏன் பள்ளியை மாற்றுகிறார்? புல்தரைக்காகவா? தேர்வாளர் அங்கேதான் வருவார் என்பதற்காக. நீங்கள் பழைய பள்ளிக்கும் போவீர்கள் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தால் பாதிப் பேர் மாற மாட்டார்கள்.

சின்னப் பள்ளிப் பையன்களையும் டிரையல்ஸுக்கு அழைக்கிறோமே என்பீர்கள். அழைக்கிறீர்கள். அந்த நாளை ஒரு ஹூக்கரின் இடத்தில் நின்று பாருங்கள். பெரிய பள்ளியின் ஹூக்கர் தன் பள்ளி லாக்குக்கே லைன்-அவுட்டில் பந்து எறிகிறான். சங்கேதச் சொல், குதிக்கும் நேரம், தூக்கும் கைகள் எல்லாம் மூன்று வருடப் பழக்கம். தனியாக வந்த பையன் பத்து நிமிடம் முன்பு அறிமுகமான ஒருவனுக்கு எறிய வேண்டும். பந்து அரையடி தாண்டிப் போகும். 'எறிதல் சரியில்லை' என்று நீங்கள் எழுதுவீர்கள், எழுதியதும் உண்மையாகவே இருக்கும். விங்கில் நிறுத்தப்பட்டவன் நிலைமை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் நான்கு பேரும் ஒரே பள்ளிக்காரர்களாக இருந்தால் பந்து அவனிடம் வந்து சேரவே சேராது. இருபது நிமிடம் ஓரத்தில் ஓடிவிட்டு, நன்றி தம்பி என்று கேட்டுக்கொண்டு போவான். அதே பையனை அவன் சொந்த அணியில், அவனுக்குப் பழகிய ஸ்க்ரம்-ஹாஃபோடு பார்த்தால் வேறு ஆள். கபடியிலும் இதே கதைதான். ரெய்டு போகிறவனைத் தனியாகப் பார்த்துவிடலாம். கார்னர் பிடிப்பவனை அவன் ஜோடியில்லாமல் எப்படி மதிப்பிடுவது?

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. உங்களில் பலர் ஆசிரியர்கள். வாரம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, சனிக்கிழமை சொந்தப் பள்ளி அணியை வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இந்த வேலை. பெட்ரோல் காசு வந்தால் வரும். ஒரே நேரத்தில் நான்கு ஆட்டம் நடக்கும். கிழக்குக் கேப்பில் ஒரு கிராமப் பள்ளிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும், போனால் எதிரணி வராமல் ஆட்டமே ரத்தாகியிருக்கும். இதற்கு மேல் இரவில் அப்பாக்களின் தொலைபேசி. பட்டியல் வந்த மறுநாள் கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நண்பர்கள். நாங்களும் அனுபவித்ததுதான். எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து ஆள் வருவது ஒன்றுதான் எங்களுக்குக் கூடுதல்.

அதனால் பெரிய சீர்திருத்தம் எதையும் கேட்கவில்லை. 13 வயது மாகாண அணியை ஒழித்துவிடுங்கள் என்று சொல்ல ஆசைதான், அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். பார்டர், ஈஸ்டர்ன் ப்ராவின்ஸ் போன்ற சங்கங்கள் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கென்று தனி அணி அனுப்பிய வழக்கம் உண்டல்லவா, அது நல்ல வழக்கம். அது பெரிய அணிக்குள் நுழையாதவர்களின் ஆறுதல் அணியாக ஆகிவிடாமல், அந்தப் பக்கத்து ஆட்டங்களைப் பார்த்தே கட்டப்பட வேண்டும். கிழக்குக் கேப்பில் கோசா மக்கள் மிஷன் பள்ளிக் காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ரக்பி ஆடுகிறார்கள். அங்கே பையன்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போய் நின்றால் போதும்.

நிராகரித்த பையனிடம் இரண்டு வரி சொல்லுங்கள் என்றும் கேட்பேன். கடைசிச் சுற்றுவரை வந்தவர்களுக்காவது. 'டேக்கிளில் தலை தவறான பக்கம் போகிறது', 'இடது கால் உதை இல்லை' என்று ஒரு காரணம். பட்டியலில் பெயர் இல்லாததை நோட்டீஸ் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பதினேழு வயதுப் பையன், காரணத்தை அவனாகவே கற்பனை செய்துகொள்வான். உங்கள் நாட்டில் அவன் முதலில் கற்பனை செய்யும் காரணம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளைப் பையனும் சரி, கருப்பினப் பையனும் சரி, இருவரும் அதையேதான் கற்பனை செய்வார்கள், எதிரெதிர்த் திசையிலிருந்து.

முக்கியமான கோரிக்கை ஒன்றே. அணிப்பட்டியலை வெளியிடும்போது, அதன் கீழே இன்னொரு பட்டியலும் போடுங்கள்: இந்தப் பருவத்தில் தேர்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்த ஆட்டங்கள், தேதி, மைதானம், போனவரின் பெயர். வேறு விளக்கம் வேண்டாம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும், அச்சடிக்கக் காசு ஆகாது. முதல் வருடம் அந்தப் பக்கம் சங்கடமாகத்தான் இருக்கும், ஒரே ஐந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் வருடம் அந்தச் சங்கடத்துக்காகவாவது ஆறாவது பெயர் ஒன்று சேரும். அப்பாக்கள் தொலைபேசியில் கத்துவது குறையாது, ஆனால் கத்துவதற்கு இனி வேறு கேள்வி கிடைக்கும்: 'எங்கள் பள்ளிக்கு ஏன் ஒரு தடவைகூட வரவில்லை?' அது நீங்கள் பதில் சொல்லக்கூடிய கேள்வி. என் மகன் ஏன் இல்லை என்பதற்கு இதுவரை எந்தத் தேர்வாளரும், நான் உட்பட, அப்பன் ஒருவன் ஒப்புக்கொள்ளும் பதிலைச் சொன்னதில்லை.

இதே கோரிக்கையை எங்கள் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கும் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன். யார் முதலில் செய்கிறீர்கள் என்று பார்ப்போம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்
தென்காசி மாவட்டம்